பிடி

வீணா எந்தப் படத்துக்கும் நாலு வரிக்கு மேல் எழுதமாட்டாள். மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் கொன்றவனுக்கு நாலு வரியே அதிகம் என்பது அவள் கட்சி. ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றில், அப்பாவும் மகளுமாக இருக்கிற ஒன்றரை அறை வீட்டில், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு செல்போனில் அவள் தட்டிவிடுகிற அந்த நாலு வரிக்காகவே வெள்ளிக்கிழமை சாயங்காலம் காத்திருக்கிற தமிழர்கள் பெங்களூரில் இருந்தார்கள். பகலில் அவளுக்கு இந்திராநகரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷன் வேலை. வாயைத் திறக்கச் சொல்லுவது பகல் வேலை, வாயை மூடச் சொல்லுவது சாயங்கால வேலை என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜூலியா போன் செய்தபோதும் வீணா க்ளினிக்கில்தான் இருந்தாள். ஜூலியா ஒரு திரைப்பட மன்றம் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பக்கத்து ஹாலில் படம் போட்டு, இடைவேளையில் கட்லெட் கொடுத்து, படம் முடிந்ததும் அரை மணி நேரம் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லவிடுவார்கள்.

"டொமினிக் அங்கிளோட படமெல்லாம் வரிசையா போடறோம் வீணா. அட்வென்ச்சர், டிராமா ரெண்டும் மிக்ஸா இருக்கும். தமிழ்ல ஷார்ட் ரிவ்யூ வேணும். ஒவ்வொண்ணுக்கும் உன் நாலு வரி, அவ்ளோதான். பேம்ஃப்ளெட்ல போடுவோம். நல்லா இல்லன்னாலும் நல்லா இல்லன்னே எழுது, அங்கிள் ஸ்போர்ட்டிவ்."

"எந்த டொமினிக்?"

"டொமினிக் சின்னப்பா! வேற யாரு? கடைசி சண்டே 'பள்ளத்தாக்கின் வாசல்' போடறோம், தமிழ் வெர்ஷன். இது வரைக்கும் எங்கயுமே காட்டல தெரியுமா? அங்கிளும் வர்றாரு."

வீணாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. எதிரே தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளியைக்கூட மறந்துவிட்டு, "எழுதறேன்" என்றாள். தான் யாருடைய மகள் என்று அவள் சொல்லவில்லை. ஜூலியாவும் கேட்கவில்லை. நாலு வரி எழுதுகிறவளுக்கு அப்பா ஒருவர் இருப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

அந்த அப்பாவின் பெயர் அய்யாவு. சினிமாவில் கயிற்று வேலை. ஹீரோவுக்குப் பதிலாக மலையிலிருந்து தொங்குகிறவனுக்கு டூப் என்று பெயர் இருக்கிறது. அந்த டூப்பைத் தொங்கவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குப் பெயரே கிடையாது. அய்யாவு பிடித்த கயிற்றில் வருஷக்கணக்காகத் தொங்கியவன் நரேஷ். இதே சந்தில் நாலு வீடு தள்ளி இருந்தவன். அய்யாவைவிடப் பதினைந்து வயது சின்னவன். தொழிலில் அவர்தான் அவனுக்கு எல்லாம். 'அண்ணே' போட்டு, 'ங்க' போட்டுத்தான் பேசுவான். ஒருமுறை அய்யாவு வீட்டு இரும்பு பீரோவை இரண்டு பேருமாக மாடிப்படியில் இறக்கும்போது அது சரிந்து நரேஷின் கால்மேல் உட்காரப் பார்த்தது. அப்போதுகூட அவன், "பிடிங்கண்ணே! பிடிங்கண்ணே!" என்றுதான் கத்தினான். கால் நசுங்கப்போகிற நேரத்தில் என்னடா மரியாதை என்று சந்தே சிரித்தது. அவன் பெண்டாட்டி உஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை வீணா பார்த்திருக்கிறாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ராமநகரப் பக்கத்துப் பாறை ஒன்றில், 'பள்ளத்தாக்கின் வாசல்' எடுத்துக்கொண்டிருந்தபோது நரேஷ் விழுந்து செத்தான். கயிறு அய்யாவின் கையில் இருந்தது. கையிலிருந்து போயிற்று.

டொமினிக் சின்னப்பா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாஷையில் எடுப்பவர். ஒரு ஷாட்டை முதலில் கன்னடத்தில் எடுப்பார். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், கையோடு தமிழிலும் எடுத்துவிடுவார். டப்பிங் என்ற பேச்சே அவரிடம் எடுக்கக் கூடாது. அந்த இடத்தில் என்ன சத்தம் எழுகிறதோ அதுதான் சத்தம் என்பார். விசில் அடித்தால் பாறையில் மோதி எதிரொலித்துக்கொண்டே கிடக்கும், அலறல் கெட்டுப்போகும் என்று விசிலுக்கும் தடை போட்டிருந்தார். கயிற்றுக்காரனுக்கு வாய் வார்த்தைதான் உத்தரவு. கீழே அட்டைப்பெட்டி அடுக்கி, மேலே மெத்தை போட்டாயிற்று, ஆளை விழவிடலாம் என்றால், 'பிடி' என்று ஒரு சத்தம் வரும். கன்னடத்துப் பிடி. பீடி என்று சொல்லும்போது வருமே, அந்தக் கனத்த 'ப'. 'விடுங்கள்' என்று அர்த்தம், மரியாதையாக. தமிழ்ப் பிடிக்கு நேர் எதிர். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் புதிதாக வந்து சேர்ந்த பையன்கள் 'பிடி' என்ற சத்தம் கேட்டதும் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழிப்பார்கள். யூனிட்டே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தார்களே தவிர, அந்த வார்த்தையை மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய மனுஷனுக்கும் தோன்றவில்லை.

விபத்து நடந்த மறுநாள் டொமினிக் சின்னப்பா தெளிவாகச் சொன்னார்: கீழேயிருந்து யாரும் உத்தரவு கொடுக்கவில்லை, அடுத்த டேக்குக்கு மெத்தையே இன்னும் திரும்பப் போடவில்லை, கயிற்றுக்காரர் குடித்திருந்தார். குடித்திருந்தார் என்பது ஒரு சௌகரியமான வார்த்தை. சொன்னால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். போலீஸ் கேட்கவில்லை; விபத்து என்று முடித்துவிட்டார்கள். சங்கம் கேட்கவில்லை, அய்யாவின் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். சந்தும் கேட்கவில்லை. அதைவிட வயிற்றெரிச்சல், அய்யாவே மறுக்கவில்லை. அன்றைக்கு அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்பது வீணாவுக்குத் தெரியும். வேலை நாளில் பான்பராக்கூடத் தொடாத மனிதர். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு போனார், குனிந்துகொண்டே இருந்தார். இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போட வேண்டுமென்றால்கூட வீணாதான் கட்ட வேண்டும். கயிறு என்று ஒன்றை அவர் கையால் தொடுவதில்லை.

உஷா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிந்ததும் சந்துமுனைக் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவாள். அய்யாவு வீட்டு வாசலைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று, மூடியிருக்கிற கதவைப் பார்த்து, "குடிகாரப் பாவி. எம் புருஷன் உசுரக் குடிச்ச பாவி. நீ நல்லா இருப்பியா" என்று நிதானமாக, பூஜை மாதிரி, சொல்லிவிட்டுப் போவாள். நாலு வருஷமாக ஒரு காலையும் தவறியதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அய்யாவு காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முடிக்கும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். வீணாவுக்கு உடம்பெல்லாம் எரியும். உஷாவைத் திட்டவும் முடியாது. திட்ட என்ன வாய் இருக்கிறது?

ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் கிடந்தபோது, அய்யாவு வாயைத் திறந்தார். "பிடின்னு கேட்டுச்சும்மா. கேட்டுச்சு. விட்டுட்டேன்." அந்தக் கனத்த 'ப'வோடுதான் சொன்னார். "யாருப்பா சொன்னது?" என்று வீணா அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். யார் என்று சொல்லவும் வேண்டுமா? மெகாபோனைக் கையில் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். பெரிய இடம், பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறார் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அந்தப் படத்தின் கன்னடப் பதிப்பு மட்டும் தியேட்டருக்கு வந்தது. அதில் இருந்தது முதல் டேக், நரேஷ் ஒழுங்காக மெத்தையில் விழுந்து எழுந்த டேக். இரண்டாவது டேக் தமிழுக்கு எடுத்தது. அது பெட்டிக்குள் கிடந்தது. எழுகிற சத்தம்தான் சத்தம் என்கிறவர் ஆயிற்றே, அதில் அவர் குரலும் இருந்துதானே தீர வேண்டும்? நாலு வருஷமாக வீணாவின் மனசில் இருந்தது இந்த ஒரே கணக்குத்தான். அந்தக் குரலை ஒரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும், அப்பா தலையை நிமிர்த்தலாம்.

அப்பாவிடம் அரைகுறையாகச் சொன்னாள்.

"அந்தாளு படமெல்லாம் உனக்கு எதுக்கும்மா? பேடா, வேணாம்."

"உம் பேரு கெட்டுக் கெடக்குதேப்பா."

"கெட்டா கெட்டுட்டுப் போவுது. நீ சும்னே இரு."

"உனக்குப் பயம்."

அய்யாவு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஆமா, பயந்தான்" என்றார். எதற்குப் பயம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் எப்போதும் ஒரு கேள்வி குறைத்துத்தான் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. வீணா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். முதல் படத்துக்கு இப்படி எழுதினாள்:

'சுண்ணாம்புக் குகை. புதையல் தேடிப் போகிறவர்கள் வரிசையாகச் செத்துப்போக, ஹீரோ மட்டும் சம்பளம் அதிகம் என்பதால் பிழைக்கிறார். குகை நன்றாக நடித்திருக்கிறது, வௌவால்களும் பரவாயில்லை. இரண்டாம் பாதி வறட்சி, தண்ணீர் பாட்டிலோடு போகவும். ஆனால் கல் விழுகிற சத்தம் நிஜமாகவே நம் தலையில் விழுகிறது.'

கடைசி வரியை எழுத அவளுக்குக் கசந்தது. ஆனாலும் உண்மை அதுதான். மனுஷனுக்குச் சத்தம் தெரிந்திருந்தது.

அடுத்தது குடும்பப் படம்:

'பேக்கரி வீடு. அண்ணன் தம்பி இருவர், அடுப்பு ஒன்று, சாவி ஒன்று. அம்மாவாக வருகிறவர் வாயே திறக்காமல் ஹாலையே அழவைக்கிறார். இந்த இயக்குநருக்கு மலையும் பள்ளமும் வேண்டாம், ஒரு சாப்பாட்டு மேசை போதும். அது அவருக்கு மட்டும்தான் தெரியவில்லை.'

மூன்றாவது வாரம் 'முதலைமடு'. ஹீரோ பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கிற காட்சியில் காமிரா முதுகுப்பக்கம் போனதும் வீணாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது நரேஷின் முதுகு. இடது தோள்பட்டை கொஞ்சம் இறங்கின, சந்தில் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடின முதுகு. செத்தவன் எவ்வளவு சுகமாகக் குதிக்கிறான்! அவன் இடுப்பிலிருந்து மேலே போகிற, திரையில் தெரியாத கயிற்றின் மறுமுனையில் அப்பா நின்றிருப்பார். அன்று அவள் எழுதியது: 'முதலை ரப்பர், வசனம் ரப்பர், காதலும் ரப்பர். தண்ணீரில் குதிக்கிறவர் மட்டும் நிஜம். அவர் பெயர் படம் முடிந்து எழுத்துப் போடும்போதும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.' ஜூலியா அதைப் படித்துவிட்டு, "சோ டச்சிங், வீணா" என்றாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வீணா உஷாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாலு வருஷத்தில் முதல் தடவை. உஷா கதவைத் திறந்து, யார் என்று பார்த்ததும், பாதி மூடினாள்.

"உஷாக்கா, ஒரு நிமிஷம். நரேஷண்ணா கடைசியா நடிச்ச படம் நாளைக்குக் காட்டறாங்க. தமிழ்ல. நீங்க வரணும்."

"நான் எதுக்கு? எந்தலையெழுத்து போதாதா?"

"எங்கப்பா குடிக்கலக்கா. விடச் சொல்லிச் சொன்னாங்க, விட்டாரு. சொன்னவன் கொரலு அந்தப் படத்துல இருக்கு. நான் சொன்னா நம்பமாட்டீங்க. உங்க காதால கேளுங்க. கேட்டதுக்கு அப்பறமும் எங்கப்பாவத் திட்டணும்னா திட்டுங்க, நானே கதவத் தெறந்து விடறேன்."

உஷா பாதி மூடின கதவைத் திறந்தாள். பிறகு, "எத்தன மணிக்கு?" என்றாள்.

ஹாலில் அன்று கூட்டம் அதிகம். முன்வரிசையில் டொமினிக் சின்னப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளை லினன் சட்டை, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி, வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று கை கொடுக்கிற பண்பு. நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். கெட்டவர்கள் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லையே. வீணாவும் உஷாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். உஷா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற அதே சேலையில் வந்திருந்தாள். கட்லெட்டை வேண்டாம் என்றாள்.

படம் ஓடிற்று. காணாமல் போன தம்பியைத் தேடி ஒருவன் மலைக்குப் போகிறான், வழி நெடுக ஆபத்து. என்ன கதை என்று பின்னால் வீணாவால் ஒரு வரிகூடச் சொல்ல முடியவில்லை. அவள் காதாக மட்டுமே இருந்தாள். இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பாறை வந்தது. ஹீரோவின் முகம் வந்தது. பிறகு முதுகு வந்தது. இடது தோள்பட்டை இறங்கின முதுகு.

உஷாவின் கை வீணாவின் மணிக்கட்டைப் பற்றியது.

முதுகு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. காற்றின் சத்தம், துணி படபடக்கிற சத்தம், தூரத்தில் ஒரு கழுகு. இப்போது வரும், மெகாபோன் குரல் வரும் என்று வீணா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதுகு திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடுப்பு பெல்ட்டில் என்னவோ நழுவியது போலிருந்தது. கை மேலே போய்க் கயிற்றைத் தேடியது.

"பிடி!"

ஒரே வார்த்தை. கீழேயிருந்து வரவில்லை. முதுகிலிருந்து வந்தது.

அடுத்த நொடி கயிறு தளர்ந்தது, உருவம் கீழே போயிற்று, காட்சி வெட்டப்பட்டது. முன்னால் யாரோ விசிலடித்தார்கள். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். டொமினிக் சின்னப்பா திரும்பிப் பார்த்துப் புன்னகையோடு தலையசைத்தார்.

உஷா கையை எடுக்கவில்லை. "அவரு" என்றாள், யாருக்கோ ஆள் அடையாளம் காட்டுகிறவள் மாதிரி. "அது அவரு கொரலு வீணா."

மீதிப் படம் ஓடியது. விளக்குப் போட்டார்கள். டொமினிக் சின்னப்பா மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். "இந்தப் படத்துல ஒரு ஷாட் இருக்கு. உங்க எல்லாருக்கும் தெரியும், எந்த ஷாட்டுன்னு. அந்த அலறல் ஒரிஜினல். டப்பிங் கெடயாது. நம்ம பையன் நரேஷோட கொரல். எடிட்டிங்ல மொதல் தடவ கேட்டப்ப நான் அழுதுட்டேன். அத மாத்த மனசே வரல. அவனுக்கு என்னோட ட்ரிப்யூட்" என்றார். கைதட்டினார்கள்.

வீணா எழுந்து நின்றாள். "சார், அத எப்பக் கேட்டீங்க?"

"எடிட்டிங்லம்மா. அடுத்த வாரமே."

"அப்ப கயித்துல இருந்தவரு எதக் கேட்டு விட்டாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பறமும் ஏன் குடிச்சிருந்தாருன்னே விட்டுட்டீங்க?"

டொமினிக் சின்னப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"அய்யாவு பொண்ணு."

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. வெளுத்ததை வீணா பார்த்தாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. "பாஷைக் கன்ஃப்யூஷன்ம்மா அது. யார் மேல தப்பு சொல்றது? சொல்லு. ரொம்ப ட்ராஜிக்" என்று மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். விசிலுக்குத் தடை போட்டது யார், இரண்டு பாஷைக்கும் நடுவில் ஒரு மனுஷனின் உயிரை ஒற்றை எழுத்தில் தொங்கவிட்டது யார் என்று கேட்பதற்குள் ஜூலியா ஓடிவந்து வீணாவின் தோளில் கை போட்டு, டீ ரெடியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள்.

இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். சந்துமுனையில் இறங்கினதும் உஷா தன் வீட்டுப் பக்கம் போகாமல் நேராக அய்யாவு வீட்டு வாசலில் போய் நின்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அய்யாவு உள்ளே தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உஷாவைப் பார்த்ததும் எழுந்தார். திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகிறவர் மாதிரி தலையைக் குனிந்தார்.

"அண்ணே" என்றாள் உஷா.

நாலு வருஷம் கழித்து அந்த வார்த்தை. அய்யாவு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு பின்னால் நின்ற வீணாவைப் பார்த்தார். எங்கே போய்விட்டு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "பேடான்னேனேம்மா" என்றார் மகளிடம்.

"பிடின்னு கத்தினது அவருதானே?" என்று உஷா கேட்டாள்.

"அவந்தாம்மா."

"கொரலு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது."

"அவரு கொரலுன்னு தெரிஞ்சுமா விட்டீங்க?"

அய்யாவு இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். உள்ளங்கையில் கயிறு ஓடின தழும்பு குறுக்கே கிடந்தது. "பாறைக்கு அந்தாண்ட நிக்கறேன் நான். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. காதுதான். அவன் எங்கிட்ட ஒரு நாளாச்சும் 'ங்க' போடாம பேசியிருக்கானா, நீயே சொல்லு. பீரோ கால் மேல சாயறப்பகூடப் பிடிங்கண்ணேன்னவன். வெறும் பிடின்னு வந்துச்சு, பாறையில மோதி, எந்தப் 'ப'ன்னு புரியாம. தமிழா இருந்தா எங்கிட்ட அவன் அப்படிச் சொல்லமாட்டானே. மெத்த போட்டத மேலருந்து பாத்துட்டு அவனே கன்னடத்துல விடச் சொல்றான், மரியாதையா சொல்றான்னு..." சுவரில் சாய்ந்துகொண்டார்.

உஷா அந்தத் தழும்பைப் பார்த்தாள். "'ங்க' போட அவருக்கு நேரம் எங்கண்ணே இருந்துச்சு" என்றாள்.

வீணா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை.

"புடிச்சுக்கோன்னு கத்தினான், நான் விட்டுட்டேன்" என்றார் அய்யாவு உஷாவிடம். "இத உன் காதுல போட்டுட்டு நீ எப்படிம்மா தூங்குவ? குடிகாரன் கைதவறி விட்டான்னே இருந்துட்டுப் போவட்டும்னு நெனச்சேன். சண்டாளன், அந்தக் கொரலயே படத்துல வெச்சிருப்பான்னு நான் கண்டேனா?"

உஷா புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டு வீணாவிடம் திரும்பினாள். கோபம் இருந்திருந்தால்கூட வீணா தாங்கியிருப்பாள்.

"தெனம் காலையில ஒரு ஆளத் திட்டிட்டுத்தான் நான் பீன்யாவுக்குப் போவேன். திட்டினாத்தான் எனக்குக் காலு நடக்கும். நாளைக்கு யாரத் திட்டிட்டுப் போவேன், நீ சொல்லு."

உஷா படியிறங்கிப் போய்விட்டாள். செல்போனில் ஜூலியாவின் செய்தி வந்து கிடந்தது: அங்கிள் அப்செட்டாக இருக்கிறார், ஆனாலும் பேம்ஃப்ளெட்டுக்குக் கடைசிப் படத்தின் நாலு வரி வேண்டும், ப்ளீஸ், பேலன்ஸ்டாக எழுது. வீணா 'பிடி' என்று தட்டினாள். தட்டிவிட்டு அந்த இரண்டு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கிறவன் அதை எந்தப் 'ப'வில் படிப்பான்? தமிழில் அதற்கு வேறு எழுத்துக் கிடையாது. அழித்துவிட்டாள்.

விடிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. அய்யாவு வழக்கம்போலக் கதவுக்கு இந்தப் பக்கம் காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் வந்தது, குடத்திலிருந்து தண்ணீர் தளும்புகிற சத்தம் வந்தது. வாசலுக்கு நேராக வந்து நின்றது. வீணா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, காத்துக்கொண்டிருந்தார்.

செருப்புச் சத்தம் மறுபடி கிளம்பி, சந்து முனை வரைக்கும் போய்த் தேய்ந்தது. அய்யாவு அப்படியே உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிற்று.